வறுமைக் கோட்டை வரைபவர் யார்? மேம்பாட்டியல் பட்டப்படிப்பும் நம் பிள்ளைகளும்



980 வெள்ளி. இந்த எண்ணை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2016ஆம் ஆண்டுக்கு நமது அரசாங்கம் போட்ட கணக்கு இது. ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 980 வெள்ளிக்கு மேல் இருந்தால் அது ஏழைக் குடும்பம் அல்ல. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு வெள்ளி. அந்த எட்டு வெள்ளிக்குள் சோறு, வாடகை, மின்சாரம், பள்ளி வேன், மருந்து, துணிமணி எல்லாம் அடங்கிவிட வேண்டும்! இந்தக் கணக்கின்படி நாட்டில் ஏழைக் குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு. ஆயிரம் குடும்பத்தில் நான்கு. மற்ற 996 குடும்பங்களும் வறுமையைக் கடந்துவிட்டனவாம்!

2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டுச் சபையின் கடும் வறுமை தொடர்பான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்தார். மக்களைப் பார்த்தார், பேசினார். இந்தக் கோடு உண்மை நிலைக்குப் பொருந்தவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அரசாங்கம் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2020 ஜூலையில் கோடு மாறியது. 980 வெள்ளி 2,208 வெள்ளி ஆனது. 2019ஆம் ஆண்டுக்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. நான்கு லட்சத்திற்கும் அதிகமான குடும்பங்கள்!

இந்தக் குடும்பங்கள் ஒரே இரவில் ஏழையாகிவிடவில்லை. முன்பும் ஏழைகள்தான். காகிதத்தில் இருந்த கோடுதான் அவர்களை மறைத்து வைத்திருந்தது. காகிதத்தில் இல்லாத ஏழைக்கு உதவித் திட்டம் கிடையாது, மானியம் கிடையாது, உபகாரச் சம்பளம் கிடையாது.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்தக் கோட்டை வரைந்தவர் யார்? தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரா? தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவரா? இல்லை. பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் மேம்பாட்டியலும் திட்டமிடலும் படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்தவர்கள் வரைந்தார்கள். அதைத் தவறு என்று சொல்லி மாற்ற வைத்தவர்களும் படித்தவர்கள்தான். நாம் இரண்டு பக்கத்திலும் இல்லை. நாம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தோம், அவ்வளவுதான்.

மேம்பாடு என்றால் நமக்குத் தெரியாதா?

'அனைத்துலக மேம்பாடு' என்று ஒரு பட்டப்படிப்பு உலகம் முழுவதும் நடக்கிறது. சில நாடுகள் ஏன் ஏழையாக இருக்கின்றன, வறுமையை எப்படி அளப்பது, நிலம் யாருக்குப் போகிறது, மக்கள் ஏன் பிழைப்புத் தேடி நாடு விட்டு நாடு போகிறார்கள், ஒரு திட்டத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதையெல்லாம் மூன்று நான்கு ஆண்டுகள் படிக்கும் படிப்பு. நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இது மேம்பாட்டியல், மேம்பாட்டுத் திட்டமிடல், மேம்பாட்டு நிர்வாகம், அனைத்துலக விவகாரம் என்று பல பெயர்களில் நடந்து வந்திருக்கிறது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், சரவாக் பல்கலைக்கழகம், உத்தாரா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சமூக அறிவியல், நிர்வாகத் துறைகளில் தேடினால் கிடைக்கும். பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அந்தந்த ஆண்டு யு.பி.யு. அகப்பக்கத்தில் வரும் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் படிப்பில் சொல்லித்தரும் பாடத்தை நம் தாத்தா பாட்டி அனுபவித்தே படித்துவிட்டார்கள். புத்ராஜெயாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் பழைய பெயர் பிராங் பெசார். முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921இல் திறந்த ரப்பர் தோட்டம். அதனால்தான் 'பெரிய போர்' என்று பெயர். பால்மரம் வெட்டிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பி.பி. 86, பி.பி. 260 என்ற ரகங்களைச் சொல்வார்கள். அந்த 'பி.பி.' பிராங் பெசார்தான். உலகச் சந்தைக்குப் போன ரகங்கள் அவை. அந்த மரங்களை வளர்த்ததும் வெட்டியதும் நம் ஆட்கள்.

1990களில் அங்கே கூட்டரசின் நிர்வாகத் தலைநகர் வந்தது. பிராங் பெசார், காலோவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. சுவர் விரிசல் விட்டது. சொந்தமாகத் தரை வீடு கேட்டு அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தலைநகரின் வரைபடத்தில் ஏரிக்கு இடம் இருந்தது, பாலத்திற்கு இடம் இருந்தது, பூங்காவிற்கு இடம் இருந்தது. அந்த மண்ணில் பிறந்த தொழிலாளிக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்க வேண்டும் என்று திட்டம் போட்ட மேசையில் யாராவது சொன்னார்களா?

அந்த மேசையில் நம் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியையாவது ஒருவர் கேட்டிருப்பார். கேட்டது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கும். வழக்கறிஞராகச் சொல்கிறேன், எழுத்தில் பதிவான ஒரு கேள்வி பின்னாளில் நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது எனக்குத் தெரியும்.

தெனாகனித்தாவின் ஐரின் பெர்னாண்டஸை நினைத்துப் பாருங்கள். அவர் தொழிலால் ஆசிரியை. 1995இல் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர்கள் படும் கொடுமையை வெளியே கொண்டுவந்தார். எப்படி? முந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தி, எழுதி, தொகுத்து அறிக்கையாக்கினார். அதற்காக அவர்மீதே வழக்கு வந்தது. 2003இல் தண்டனை, 2008இல் விடுதலை. இடையில் 2005இல் உலகம் அவருக்கு 'ரைட் லைவ்லிஹூட்' விருது தந்தது. மக்களிடம் போய்க் கேட்பது, கேட்டதைச் சான்றாக்குவது, சான்றை அதிகாரத்தின் முன் வைப்பது. இந்த வேலையைத்தான் மேம்பாட்டியல் பட்டப்படிப்பு முறையாகச் சொல்லித்தருகிறது. கோபம் நம்மிடம் நிறைய இருக்கிறது. கோபத்தைச் சான்றாக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

கதவில் எழுதியிருக்கும் நிபந்தனைகள்

சரி, இந்தப் படிப்புக்குள் நுழைய என்ன வேண்டும்? பலர் நினைப்பதுபோல் 10 ஏ வேண்டியதில்லை. அறிவியல் பிரிவு வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட். வரலாற்றில் தேர்ச்சி. 2013 முதல் வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. தமிழ்ப்பள்ளியில் இருந்து இடைநிலைப்பள்ளி போகும் பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டுகளில் தடுக்கி விழுவது இந்த இரண்டு பாடங்களில்தான். படிவம் 5இல் டியூஷன் தேடி ஓடாதீர்கள், படிவம் 1இலேயே கவனியுங்கள்.

2. எஸ்.டி.பி.எம். வழியில் வருபவர்களுக்குப் பொதுத் தகுதி: மொத்தச் சராசரிப் புள்ளி, அதாவது பி.என்.ஜி.கே., குறைந்தது 2.00. பெங்ஙாஜியான் ஆம் பாடத்திலும் வேறு இரண்டு பாடங்களிலும் குறைந்தது சி. கலைப்பிரிவில் பொருளாதாரம், வரலாறு, புவியியல் எடுக்கலாம். தமிழ்மொழியும் எஸ்.டி.பி.எம். பாடம்தான். மறந்துவிடாதீர்கள்.

3. முவெட் என்னும் ஆங்கிலத் தேர்வு. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதி. எந்த 'பேண்ட்' வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தையும் படிப்பையும் பொறுத்து மாறும். அனைத்துலக விவகாரம் சார்ந்த படிப்புகளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள்.

4. சில படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வு. அந்தந்தப் படிப்புக்கு உரிய சிறப்புத் தகுதி.

இவ்வளவுதான் கதவில் எழுதியிருப்பது. ஆறாம் படிவம் அரசாங்கப் பள்ளியில் நடக்கிறது. எஸ்.டி.பி.எம். சான்றிதழைப் பிரிட்டனில் உள்ள பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்கின்றன. பொதுப் பல்கலைக்கழகக் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. மிச்சத்திற்கு பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதில் இருந்து விலக்குக் கேட்கலாம்.

அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் ஏன் அங்கே குறைவு? கதவில் எழுதாத நிபந்தனைகள் இருப்பதால்!

கதவில் எழுதாத நிபந்தனைகள்

முதலாவது, 2.00 என்பது வாசற்படி மட்டும்தான். உள்ளே இடம் கிடைப்பது தரவரிசைப்படி. அந்தத் தரவரிசையில் 90 மதிப்பெண் தேர்வுக்கு, 10 மதிப்பெண் புறப்பாட நடவடிக்கைக்கு. இந்தப் பத்து மதிப்பெண்ணைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு மாணவர் பி.என்.ஜி.கே. 3.60 எடுக்கிறார். தொண்ணூறுக்கு 81. புறப்பாடத்தில் 5 மட்டுமே. மொத்தம் 86. இன்னொரு மாணவர் 3.50 எடுக்கிறார். தொண்ணூறுக்கு 78.75. புறப்பாடத்தில் 9. மொத்தம் 87.75. படிப்பில் முந்தியவர் வரிசையில் பிந்திவிட்டார்!

யார் அந்த 5 மதிப்பெண்காரர்? பள்ளி முடிந்ததும் வேனைப் பிடிக்காவிட்டால் வீடு போய்ச் சேர வழியில்லாதவர். மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவர். பெட்ரோல் நிலையத்தில் பகுதி நேர வேலை பார்த்துக் குடும்பத்திற்கு அரிசி வாங்கிக் கொடுப்பவர். சீருடை இயக்கத்திற்குச் சீருடை வாங்கக் காசில்லாதவர். 9 மதிப்பெண்காரருக்கு அப்பா காரில் வந்து காத்திருக்கிறார். இங்கே அளக்கப்படுவது தலைமைத்துவமா, அல்லது வீட்டில் கார் இருக்கிறதா என்பதா?

இதை இன விவகாரமாக மட்டும் பார்க்காதீர்கள். கிளந்தானில் மீனவர் மகனும், சபாவில் மலைக்கிராமத்துப் பெண்ணும், கம்போங் பாருவில் கடை வைத்திருக்கும் சீனக் குடும்பத்துப் பிள்ளையும் இதே பத்து மதிப்பெண்ணில்தான் அடிபடுகிறார்கள். குடும்பத்தைத் தாங்கும் பிள்ளையின் உழைப்புக்கும் அதில் இடம் தரவேண்டும் என்று கேட்பதில் எல்லா இனத்து ஏழைகளும் நம்மோடு நிற்கலாம்.

இரண்டாவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கதை. பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் மாணவர், வகுப்பறைக்கு வெளியே இந்தப் படிப்புக்காகத் தன்னை எப்படித் தயார் செய்துகொண்டார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை விமானம் ஏறி இன்னொரு ஏழை நாட்டுக்குப் போய், இரண்டு வாரம் பள்ளிச் சுவருக்குச் சாயம் அடித்துவிட்டு வந்து அதை அனுபவம் என்று எழுதுகிறது. தாமான் பெர்மாத்தா மாதிரி ஒரு வீட்டில் பிறந்து, வெளியேற்ற அறிவிப்பைத் தன் பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொன்ன நம் பிள்ளை, எழுத எதுவுமே இல்லை என்று நினைத்து அந்த இடத்தைக் காலியாக விடுகிறது. தம்பி, தங்கை, காலியாக விடாதே! தண்ணீர்க் கட்டணம் கட்ட முடியாமல் குழாய் வெட்டப்பட்டபோது உன் குடும்பம் என்ன செய்தது என்று எழுது. உன் தாமானில் குடியிருப்பாளர் சங்கம் மனு கொடுத்தபோது நீ என்ன உதவி செய்தாய் என்று எழுது. நீ நடந்து வந்த பாதைதான் அவர்கள் படிக்கும் பாடம்.

மூன்றாவது, வழிகாட்டல் இல்லாமை. எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாளே கல்லூரி முகவர்கள் வீடு தேடி வருகிறார்கள். மடிக்கணினி இலவசம், விடுதி இலவசம், கடன் நாங்களே வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை கையெழுத்துப் போடுகிறது. மூன்று ஆண்டு கழித்து, வேலைச் சந்தையில் மதிப்பில்லாத ஒரு டிப்ளோமாவும் பல ஆயிரம் வெள்ளிக் கடனும் மிஞ்சுகின்றன. ஆறாம் படிவம் போ என்று சொல்ல முகவருக்கு என்ன அவசியம்? அதில் அவருக்குக் கமிஷன் இல்லையே!

மெட்ரிகுலேஷன் என்னும் ஒரே வாசலா?

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் வந்தால் ஒரே பேச்சு: மெட்ரிகுலேஷன். தலைவர்கள் நூறு இடம் வாங்கினோம், ஐந்நூறு இடம் வாங்கினோம் என்று பத்திரிகையில் படம் போட்டுக்கொள்வார்கள். உரிமையைப் பிச்சையாக மாற்றி, அதையும் சாதனையாக விற்பது பழகிப்போன வியாபாரம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் அமைச்சரவை மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000இல் இருந்து 40,000 ஆக உயர்த்தியது. ஆனால் பூமிபுத்ராவுக்கு 90, மற்றவருக்கு 10 என்ற விகிதம் அப்படியே இருந்தது. 2024 ஜூன் 30ஆம் தேதி பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்.இல் 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவருக்கும் இடம் உண்டு என்று அறிவித்தார். 2025இல் 'ஏ மைனஸ்' அந்தப் பத்தில் சேராது என்ற விளக்கம் வந்தபோது பெற்றோர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயம்தான். 10 ஏ எடுக்கும் பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். 6 ஏ, 7 ஏ எடுத்த லாரி ஓட்டுநரின் மகளுக்கு என்ன பதில்?

ஆனால் பெற்றோர்களே, ஒன்றைக் கவனியுங்கள். மெட்ரிகுலேஷன் என்பது அறிவியல், பொறியியல், கணினி, கணக்கியல் மாணவர்களுக்கான வழி. சமூக அறிவியலுக்கும் மேம்பாட்டியலுக்கும் முக்கியமான வாசல் ஆறாம் படிவக் கலைப்பிரிவு. அங்கே 90க்கு 10 என்ற விகிதம் கிடையாது. அடைபட்ட வாசலின் முன் நின்று நாம் கத்துகிறோம், கத்த வேண்டியதுதான். திறந்திருக்கும் வாசலை ஏன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை? 'கலைப்பிரிவா, அது மக்குப் பிள்ளைகளுக்கு' என்று நம் வீட்டிலேயே சொல்கிறோமே! நாட்டின் ஐந்தாண்டுத் திட்டங்களை எழுதுபவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களா, பொறியியலாளர்களா? யோசித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பேச்சை எடுத்தாலே பலருக்குப் பயம். '153ஆவது விதியைப் பற்றிப் பேசினால் உள்ளே போட்டுவிடுவார்கள்' என்கிறார்கள். எனவே நிதானமாகச் சொல்கிறேன்.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 153ஆவது விதி மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் சிறப்பு நிலையை உறுதி செய்கிறது. அதே விதியின் முதல் பிரிவே மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களையும் பாதுகாப்பது மாமன்னரின் பொறுப்பு என்று சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை மேடையில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

1971இல் சேர்க்கப்பட்ட 8ஏ உட்பிரிவு பல்கலைக்கழக இடங்களைப் பற்றியது. ஒரு படிப்புக்குத் தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கையைவிட இடங்கள் குறைவாக இருக்கும்போது, நியாயமான ஒரு விகிதத்தை ஒதுக்கும்படி உத்தரவிடலாம் என்கிறது. 'நியாயமான விகிதம்' என்பது சட்டத்தின் சொல். 90க்கு 10 என்று அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை! அது நிர்வாகம் எடுத்த முடிவு. நிர்வாகம் எடுத்த முடிவை நிர்வாகமே மாற்றலாம்.

12ஆவது விதி, பொது அதிகாரத்தின் கீழ் நடக்கும் கல்வி நிலையங்களில் மாணவர் சேர்க்கையிலும் கட்டணத்திலும் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது என்கிறது. 10ஆவது விதியின் நான்காவது பிரிவு, 153 போன்ற விதிகளைக் கேள்வி கேட்பதைத் தடை செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அவை நடைமுறைப்படுத்தப்படும் விதம் பற்றிப் பேசுவதற்கு அதே பிரிவு இடம் விட்டிருக்கிறது.

ஆகவே நாம் யாருடைய உரிமையையும் பறிக்கக் கேட்கவில்லை. நடைமுறையைப் பற்றிக் கேட்கிறோம். ஒவ்வொரு பொதுப் பல்கலைக்கழகமும் ஒவ்வொரு படிப்புக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அடிப்படைப் படிப்பு, டிப்ளோமா என்று எந்த வழியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசியாக இடம் கிடைத்தவரின் தரவரிசை மதிப்பெண் என்ன, நேர்முகத் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இடம் மறுக்கப்பட்ட பிள்ளைக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறைக்க எதுவும் இல்லை என்றால் தயக்கம் ஏன்?

'இந்தப் படிப்பு சோறு போடுமா?'

நியாயமான கேள்வி. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் அப்பா இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பார்?

உண்மையைச் சொல்கிறேன். மருத்துவருக்குக் கிடைக்கும் வருமானம் இதில் உடனே கிடைக்காது. ஆனால் வேலை இல்லாத படிப்பு இது அல்ல. நிர்வாக, தூதரகச் சேவை அதிகாரி பதவிக்கு, பி.டி.டி. என்று சொல்வார்களே, எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். அமைச்சுகளில் கொள்கை எழுதுவது அவர்கள்தான். ஊராட்சி மன்றங்கள், ஆய்வு நிறுவனங்கள், பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகள், அரசு சாரா அமைப்புகள், ஐ.நா. அமைப்புகள் என்று வழிகள் உண்டு. அதற்குப் புள்ளியியல் தெரிய வேண்டும், மலாயும் ஆங்கிலமும் எழுதத் தெரிய வேண்டும். தமிழும் தெரிந்தால் தோட்டத்திலும் பிளாட்டிலும் போய் நம் மக்களிடம் நேரடியாகப் பேசும் ஆற்றல் கூடுதலாக இருக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1980 முதல் மலேசியா தன் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின் வழி மற்ற வளரும் நாட்டு அதிகாரிகளுக்கு மேம்பாட்டைப் பற்றிப் பயிற்சி தந்து வருகிறது. 2017இல் மலேசிய இந்தியர்களுக்கென்று ஒரு பெருந்திட்டம் வெளியானது. 2018இல் மித்ரா வந்தது. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்று பேசப்படுகிறது. பணம் எங்கே போனது, யாருக்குப் போனது என்று காப்பிக் கடையில் கேட்கிறோம். அந்தக் கணக்கை வாங்கிப் படித்து, திட்டம் பலன் தந்ததா இல்லையா என்று அளந்து, நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கக்கூடிய இளைஞர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த வேலைக்குப் பெயர்தான் திட்ட மதிப்பீடு. அது இந்தப் படிப்பில் ஒரு பாடம்.

உடனே செய்ய வேண்டியவை

- படிவம் 4, 5 பிள்ளை வீட்டில் இருந்தால், பள்ளிக்குப் போய்ப் புறப்பாட மதிப்பெண் எவ்வளவு என்று இப்போதே கேளுங்கள். ஆறாம் படிவம் போனதும் மறுபடியும் கேளுங்கள். பங்கெடுத்த சான்றிதழ் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

- மாலை நடவடிக்கைக்கு வாகனம் இல்லையென்றால் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசுங்கள். கோவில் நிர்வாகங்களே, திருவிழாச் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க முடியாதா?

- முகவரிடம் கையெழுத்துப் போடுமுன் ஆறாம் படிவத்திற்குப் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் போகச் சொல்லுங்கள்.

- யு.பி.யு. விண்ணப்பத்தில் வரிசை முக்கியம். பேர் பெற்ற படிப்புகளை மட்டும் அடுக்கிவிட்டு ஏமாறாதீர்கள். மேம்பாட்டியல், திட்டமிடல், அனைத்துலக விவகாரம் போன்றவற்றையும் விருப்பத்தோடு போடுங்கள்.

- இடம் கிடைக்கவில்லையா? மேல்முறையீட்டுக்குச் சில நாட்களே அவகாசம் இருக்கும். அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. திரையில் வந்த பதிலை அச்செடுத்து வையுங்கள். மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

- சட்டம் மீறப்பட்டதாகத் தோன்றினால் நீதிமன்ற மறுஆய்வுக்கு முடிவு தெரிந்த மூன்று மாதத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம் உங்கள் பிள்ளைக்கு மதிப்பெண் போடாது. முடிவெடுத்த முறை சட்டப்படி இருந்ததா என்று மட்டும் பார்க்கும். ஆறு மாதம் கழித்து வந்து ஆவணம் எதுவும் இல்லை என்றால் எந்த வழக்கறிஞராலும் உதவ முடியாது.

- உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பாருங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. சேர்க்கை விவரங்களை வெளியிடும்படி நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துக் குடும்பமாகப் போங்கள். எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

பெற்றோர்களே, நம்மைப் பற்றிய கணக்கை இத்தனை காலம் மற்றவர்கள் போட்டார்கள். துரை போட்டார், கிராணி போட்டார், பிறகு அமைச்சு போட்டது. 980 வெள்ளி போதும் என்று சொன்ன கணக்கை மாற்ற ஐ.நா.வில் இருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. அடுத்த முறை அப்படி ஒரு கோடு வரையப்படும்போது, 'இது தவறு, இதோ சான்று' என்று அந்த அறைக்குள்ளேயே எழுந்து சொல்ல நம் வீட்டுப் பிள்ளை ஒன்று இருக்கட்டும். அதற்கான வாசல் ஆறாம் படிவ வகுப்பில் இருக்கிறது. சமமாகத் திறக்காத வாசல்களுக்காகச் சேர்ந்து போராடுவோம். திறந்திருக்கும் வாசலுக்குள் இந்த ஆண்டே பிள்ளைகளை அனுப்புவோம்.

கேட்பது சலுகை அல்ல, உரிமை!